கணக்கு வழக்கு: காகிதத்தில் 42,000 பவுண்டு

போன ஞாயிற்றுக்கிழமை திருவானைக்காவலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேசரி வாசனை. பண்டிகை எதுவும் இல்லை, யாருக்கும் பிறந்த நாளும் இல்லை. ஏதோ நல்ல சேதி என்று புரிந்துவிட்டது.

"அக்கா, இவனுக்கு லண்டன்ல வேலை கிடைச்சிருக்கு!"

லண்டன் இல்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஏதோ ஓர் ஊர். ஆனால் நம் வீடுகளில் பிரிட்டன் முழுக்கவே லண்டன்தானே!

தங்கை மகனுக்கு வயது 31. மெக்கானிக்கல் படித்தவன். துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் மாதம் 38,000 ரூபாய் சம்பளம். வரன் பார்த்து, பெண் வீட்டாரும் கிட்டத்தட்ட சரி என்று சொல்லியிருக்கிறார்கள். லண்டன் சேதி அவர்கள் காதுக்கும் போய்விட்டது.

போனை என்னிடம் நீட்டினான். ஆஃபர் லெட்டர். வேலை, 'பிசினஸ் டெவலப்மென்ட் மேனேஜர்'. சம்பளம், வருடத்துக்கு 42,000 பவுண்டு. ஒரு பவுண்டை 115 ரூபாய் என்று வைத்தால் 48 லட்சம். அந்தப் பெருக்கலை அவன் ஏற்கெனவே நூறு தடவை போட்டிருப்பான்.

"ஏஜென்ட் எவ்வளவு கேக்கறார்டா?"

"பதினாலு லட்சம் பெரியம்மா. அம்பதாயிரம் அட்வான்ஸ் குடுத்தாச்சு. மிச்சம் அப்பாவோட ரிட்டையர்மென்ட் பணத்துலேர்ந்து..."

தங்கை வீட்டுக்காரர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததிலிருந்து ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

முப்பத்து மூன்று வருடம் பேங்க்கில் குப்பை கொட்டியவள் நான். எந்தக் காகிதத்தில் எண்ணைப் பார்த்தாலும், 'ஏன் இந்த எண்?' என்று கேட்கிற புத்தி போகவில்லை. ஏன் 42,000? ஏன் 36,000 இல்லை? காரணம் இருக்கிறது. பிரிட்டனின் 'ஸ்கில்டு ஒர்க்கர்' விசாவுக்கு இப்போது பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 41,700 பவுண்டு. 2025 ஜூலை 22-ம் தேதி முதல் இந்தக் கணக்கு. அதற்கு 300 பவுண்டு மேலே போட்டு ஒரு லெட்டர் அடித்திருக்கிறார்கள். பாஸ் மார்க் 35 என்றால் 36 போட்டு அனுப்புவது மாதிரி.

இந்த விசா எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகப் போய் விண்ணப்பிக்க முடியாது. அங்கே இருக்கும் ஒரு கம்பெனி, பிரிட்டன் உள்துறையிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கம்பெனி உங்கள் பெயருக்கு ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்று கொடுக்கும். எல்லோரும் 'சிஓஎஸ்' என்கிறார்களே, அதுதான். பெயர்தான் சான்று. கையில் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிற காகிதம் இல்லை. உள்துறையின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு. இன்ன வேலை, இன்ன தொழில் குறியீடு, வாரத்துக்கு இத்தனை மணி நேரம், இன்ன சம்பளம் என்று கம்பெனி அந்த நாட்டு அரசாங்கத்துக்குக் கொடுக்கிற வாக்கு அது.

சம்பளத்தில் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, அந்த 41,700. இன்னொன்று, ஒவ்வொரு தொழிலுக்கும் அரசு தனித்தனியாக நிர்ணயித்திருக்கும் ஊதியம். இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுத்தாக வேண்டும். 41,700-ஐத் தொட்டுவிட்டோம் என்று சந்தோஷப்படும்போது, அந்தத் தொழிலுக்கான தொகை அதைவிட அதிகமாக இருந்து விசா நிராகரிக்கப்படலாம். அதுவும் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கு. தங்குமிடப் படி, ஓவர்டைம், போனஸ் எதுவும் சேராது. 'சம்பளம் 38,000, வீட்டு வாடகைப் படி 4,000' என்று லெட்டர் இருந்தால், அந்த விண்ணப்பம் தேறாது.

இதெல்லாம் தங்கை மகனுக்கும் தெரிந்திருந்தது. யூடியூப் புண்ணியம். அவனுக்குத் தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம், இரண்டாவது காபிக்குப் பிறகுதான் வெளியே வந்தது.

"42,000-ங்கறது பேப்பர்ல தான் பெரியம்மா. வரி போக மாசம் 2,800 பவுண்டு அக்கவுண்ட்டுக்கு வந்துடும். அதுல 1,300-ஐ எடுத்து அவங்ககிட்ட கேஷா திருப்பிக் குடுத்துடணும். முதல் ரெண்டு வருஷம் மட்டும்னு ஏஜென்ட் சொன்னார். மீதி 1,500 நமக்கு. அதுவே ஒண்ணே முக்கால் லட்சம் ஆச்சே?"

ஊஞ்சல் நின்றது.

சரி, கணக்குப் போடுவோம் என்று பழைய காலண்டர் தாளைத் திருப்பி எழுதினேன். ஆஃபர் லெட்டரில் வாரம் 48 மணி நேரம் என்று போட்டிருந்தது. மாதத்துக்கு 208 மணி நேரம். 1,500-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 7 பவுண்டு சொச்சம். அந்த நாட்டில் 21 வயது தாண்டிய யாருக்கும் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியே 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுண்டைத் தாண்டிவிட்டது. அதாவது அங்கே கடையில் தரை துடைக்கிறவருக்குக் கிடைப்பதைவிட இந்த 'மேனேஜருக்கு' மணிக்கு ஐந்து பவுண்டு குறைவு. ஆனால் வருமான வரியும் தேசியக் காப்பீடும் மட்டும் 42,000-க்கு முழுசாகப் பிடித்துவிடுவார்கள். அதுவே வருடத்துக்கு 8,000 பவுண்டுக்கு மேல். வாங்காத சம்பளத்துக்கு வரி!

1,500 பவுண்டை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதில்தான் நாம் எல்லோருமே ஏமாறுகிறோம். சம்பளம் ரூபாயில் தெரிகிறது. வாடகை மட்டும் பவுண்டில் வருகிறது. ஒரே ஓர் அறைக்கு 500, 600 பவுண்டு கொடுத்து, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் போக என்ன மிஞ்சும்? 14 லட்சத்தை எந்தக் காலத்தில் அடைப்பது?

இந்தத் தில்லுமுல்லு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். 2023 ஏப்ரலில் இந்த விசாவுக்கான பொதுக் குறைந்தபட்சச் சம்பளம் 26,200 பவுண்டு. 2024 ஏப்ரலில் அதை ஒரே தாவலில் 38,700 ஆக்கினார்கள். 2025 ஜூலையில் 41,700. இரண்டேகால் வருடத்தில் 15,500 பவுண்டு ஏற்றம். வெளிநாட்டிலிருந்து மலிவாக ஆள் பிடிக்கக் கூடாது என்பது அவர்கள் நோக்கம். அந்த நோக்கத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் கடை, கிடங்கு நடத்துகிற சின்ன முதலாளியின் வருமானம் இரண்டேகால் வருடத்தில் அப்படியா ஏறும்? நேர்மையானவர், 'இனி நமக்குக் கட்டாது' என்று ஸ்பான்சர் செய்வதையே விட்டுவிடுவார். இன்னொரு ரகம், காகிதத்தில் மட்டும் சம்பளத்தை ஏற்றும். ஏற்றியதை ஊழியரிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். தடையை உயர்த்தியதில் திருடனுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஏணியின் விலையும் நம் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது.

"ஆனா பெரியம்மா, கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கு. கவர்ன்மென்ட் லிஸ்ட்லயே பேர் இருக்கு" என்றான்.

இருந்தது. பிரிட்டன் அரசு, லைசென்ஸ் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை இணையதளத்தில் வெளிப்படையாகப் போடுகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கம்பெனி பெயர், ஊர், எந்த வகை விசாவுக்கு லைசென்ஸ் என்பதெல்லாம் இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் சொல்வது, 'இவர்கள் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள்' என்பதை மட்டும்தான். உங்களுக்குச் சொல்லும் வேலை உண்மையிலேயே அங்கே இருக்கிறதா, சம்பளம் தரும் சக்தி இருக்கிறதா என்று அது சொல்லாது.

அதற்கு இன்னொரு இடம் உண்டு. 'கம்பெனிஸ் ஹவுஸ்' என்பது பிரிட்டனில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம். அதன் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால், என்று ஆரம்பித்தது, இயக்குநர்கள் யார், ஒவ்வொரு வருடமும் தாக்கல் செய்த கணக்கு என்ன, எல்லாம் வரும். காசு கிடையாது. தங்கை மகனிடமே தேடச் சொன்னேன். கம்பெனிக்கு வயது மூன்று. கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கைத் திறந்தோம். சின்னக் கம்பெனிகளின் கணக்கில்கூட 'சராசரி ஊழியர் எண்ணிக்கை' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதில் போட்டிருந்த எண், 2.

இரண்டு பேர் வேலை செய்கிற கம்பெனி, வியாபாரத்தை விரிவாக்க ஒரு மேனேஜரை, அதுவும் வாழ்க்கையில் ஒரு குண்டூசிகூட விற்றுப் பார்க்காத மெக்கானிக்கல் இன்ஜினீயரை, துவாக்குடியிலிருந்து 42,000 பவுண்டுக்குக் கூப்பிடுகிறது. இன்டர்வியூ உண்டா என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிஷமாம். அதுவும் ஏஜென்டே பேசினாராம்.

பதினாலு லட்சத்துக்கு வருவோம். "கம்பெனி கவர்ன்மென்ட்டுக்குக் கட்ட வேண்டியது எக்கச்சக்கம். அதைத்தான் நாம தர்றோம்" என்று ஏஜென்ட் சொன்னாராம். அந்த 'எக்கச்சக்கம்' எவ்வளவு? ஸ்பான்சர்ஷிப் சான்றுக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணம் 525 பவுண்டு. நம் கணக்கில் 60,000 ரூபாய். அதுபோக, வெளிநாட்டவரை எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் திறன் கட்டணம் 2025 டிசம்பரிலிருந்து சின்ன நிறுவனங்களுக்கு வருடம் 480 பவுண்டு. மூன்று வருடத்துக்கு 1,440. இரண்டையும் கூட்டினால் 1,965 பவுண்டு, இரண்டேகால் லட்சம் ரூபாய். மீதி பதினொன்றே முக்கால் லட்சம் எங்கே போகிறது?

அந்த இரண்டேகால் லட்சத்தைக்கூட உங்களிடம் வசூலிக்கக் கூடாது. திறன் கட்டணத்தை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்பது பழைய விதி. 2024 டிசம்பர் 31-லிருந்து சான்றுக்கான கட்டணத்தையும் லைசென்ஸ் செலவையும் வசூலிக்கத் தடை வந்துவிட்டது. மீறினால் லைசென்ஸே போகலாம்.

நீங்கள் நியாயமாகக் கட்ட வேண்டியது வேறு. மூன்று வருட விசாவுக்கு 2025 ஏப்ரல் கட்டணப்படி 769 பவுண்டு. மருத்துவக் கூடுதல் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் 3,105. மொத்தத்தில் ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய். இதை நேராக பிரிட்டன் அரசின் இணையதளத்தில் உங்கள் கார்டிலிருந்தே கட்டலாம். மனைவியைக் கூட்டிப்போனால் அவருக்கும் தனியாக இவ்வளவு. தங்கை மகன் கல்யாணத்தையும் சேர்த்து இதை யோசிக்கவே இல்லை.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 'இ-மைக்ரேட்' தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. நம்ம ஆளின் பெயரைத் தேடினோம். இல்லை.

"சரி பெரியம்மா, தப்புதான். ஆனா போய்ட்டா அங்க வேற நல்ல வேலை மாறிக்கலாமே?" இது அவனுடைய கடைசி அஸ்திரம்.

அங்கேதான் பெரிய சிக்கல். இந்த விசா உங்களுக்குக் கொடுத்தது இல்லை. அந்தக் கம்பெனியின் அந்த வேலைக்குக் கொடுத்தது. வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால், அவர்களிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும். புதுச் சான்று, புது விண்ணப்பம், அதே சம்பள வரம்பு. கம்பெனியின் லைசென்ஸ் ரத்தானால், பொதுவாக உங்களுக்குக் கிடைப்பது 60 நாள். அதற்குள் புது ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஏமாற்று வேலையில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று உள்துறை முடிவு செய்தால் அந்த 60 நாளும் இல்லை. விண்ணப்பத்தில் பொய் சொன்னது நிரூபணமானால் பத்து வருடத்துக்கு அந்த நாட்டு விசா கிடைக்காது. சம்பளத்தைத் திருப்பிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு போகிறவன், நாளைக்கு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பான்? புகார் கொடுத்தால் போவது தன் விசாவும்தானே? அந்த முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும்.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. 2022 பிப்ரவரியில் முதியோரைக் கவனிக்கும் கேர் ஒர்க்கர் வேலைக்குப் பிரிட்டன் கதவைத் திறந்தது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் எத்தனையோ பேர் நகையை வைத்து, நிலத்தை விற்றுப் போனார்கள். போய் இறங்கிய பிறகு, வாரத்துக்குப் பத்து மணி நேரம்கூட வேலை இல்லாமல் நின்றவர்கள் உண்டு. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் அந்தத் துறையில் 470-க்கும் மேற்பட்ட லைசென்ஸ்களை ரத்து செய்ததாக பிரிட்டன் அரசே சொன்னது. அந்த நிறுவனங்களோடு தொடர்புடைய ஊழியர்கள் 39,000-க்கும் மேல். அவர்களில் பலர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். 2025 ஜூலை 22-ல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர் எடுக்கும் வழியையே மூடிவிட்டார்கள். சமையல்காரர் வேலைக்கும் அன்றிலிருந்து புதிதாக இந்த விசா கிடையாது. 'யு.கே கேர் ஒர்க்கர் விசா, உடனே விண்ணப்பிக்கவும்' என்று இன்றைக்கும் யாராவது உங்களுக்கு ஃபார்வர்டு செய்தால், அவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

நர்ஸ் படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு வழி இன்னும் திறந்திருக்கிறது, கணக்கும் வேறு. அரசு மருத்துவமனைகளில், அதாவது என்ஹெச்எஸ்ஸில், சம்பளம் நிர்ணயித்த அட்டவணைப்படி. இங்கிலாந்தில் பதிவு பெற்ற நர்ஸுக்கு 2025-26-ல் ஆரம்பச் சம்பளம் 31,049 பவுண்டு. 41,700 வரம்பு இவர்களுக்கு இல்லை. மருத்துவக் கூடுதல் கட்டணமும் இல்லை. வேலைக்கு எடுத்துத் தருவதற்காக ஏஜென்சி நர்ஸிடம் பணம் வாங்கக் கூடாது என்று அந்த நாட்டு நெறிமுறையே சொல்கிறது. கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அங்கே எம்.எஸ்ஸி படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு ஒரு பொறி. படிப்பு விசாவிலிருந்தோ, படித்து முடித்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவிலிருந்தோ மாறுகிறவர்களையும் 26 வயது ஆகாதவர்களையும் 'புதிதாக வேலைக்கு வருகிறவர்' என்று கருதி, 33,400 பவுண்டு சம்பளத்திலேயே ஸ்பான்சர் செய்யலாம். அந்தத் தொழிலுக்கான ஊதியத்திலும் 70 சதவீதம் போதும். ஆனால் இந்தச் சலுகை மொத்தம் நான்கு வருடம்தான்; கிராஜுவேட் விசாவில் இருந்த காலமும் அதில் சேரும். அந்த விசாவில் இரண்டு வருடம் கழித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தால் சலுகை இரண்டே வருடம். மூன்றாவது வருடம் அதே கம்பெனி உங்களுக்கு முழு வரம்புச் சம்பளம் தர வேண்டும். அதனால் சேரும்போதே, 'ரெண்டு வருஷம் கழிச்சு 41,700-க்கு மேல தர முடியுமா?' என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் பிறகு அவசரத்தில் ஏஜென்டிடம் போய் நிற்க வேண்டிவரும்.

அன்றைக்குச் சாயங்காலம் தங்கை மகன், நான் சொன்னபடி ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினான். என் வேலை என்னென்ன, தொழில் குறியீடு என்ன, கம்பெனியில் எத்தனை பேர், நேரடியாக முதலாளியிடம் வீடியோவில் பேச முடியுமா? அரை மணி நேரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"தம்பி, நம்பிக்கை இருந்தா பண்ணுங்க, இல்லேன்னா விடுங்க. க்யூல நாலு பேர் நிக்கறாங்க."

விட்டுவிட்டான். அட்வான்ஸ் ஐம்பதாயிரத்தைக் கேட்டதற்கு இரண்டு நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது. பணம் அனுப்பிய ஜிபே ரசீது, வாய்ஸ் மெசேஜ், ஆஃபர் லெட்டர் மூன்றையும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறான். தங்கை வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

பெண் வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. கெடுத்தது நான் என்பதால் அதையும் நான்தான் சொல்ல வேண்டுமாம், தங்கை சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை போகிறேன்.